மழைக்கால மும்பையில் குழந்தையின் சத்துமாவு: வறுத்தால் பூசணம் சாகும், நஞ்சு சாகாது

கேள்வி: செம்பூரில் இருக்கிறோம். பெண் குழந்தைக்கு 9 மாதம், எடை 8 கிலோ. மே மாதம் மாமியார் திருநெல்வேலியிலிருந்து 3 கிலோ சத்துமாவு அரைத்து அனுப்பினார்கள். ஜூலை நடுவில் டப்பாவைத் திறந்தால் லேசாகப் பூசண வாடை, ஓரத்தில் இரண்டு மூன்று கட்டிகள். சலித்து, மறுபடி வறுத்துக் கொடுக்கலாமா? பூஞ்சை நஞ்சால் குழந்தைக்கு என்ன ஆபத்து? வேறு எந்த உணவுகளில் கவனம் வேண்டும்?

பதில்:

கொடுக்க வேண்டாம். சலித்தாலும் வறுத்தாலும் அந்த மாவு குழந்தைக்கு ஆகாது. வீணாகிறதே என்று பெரியவர்களின் தோசையில் கலக்கவும் வேண்டாம், மாட்டுக்கும் கோழிக்கும் போடவும் வேண்டாம். ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டி எறிந்துவிடுங்கள். இரண்டு மூன்று கைப்பிடி மட்டும் தனியே எடுத்து வையுங்கள். எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

பூசணமும் அது சுரக்கும் நஞ்சும் வேறு வேறு. பூசணம் ஓர் உயிர். கொதிக்கிற கஞ்சியில் செத்துவிடும். நஞ்சு ஒரு வேதிப்பொருள். நம் ஊர்த் தானியங்களிலும் கடலையிலும் முதலில் அஞ்ச வேண்டிய அஃப்ளடாக்சின், உலர்ந்த நிலையில் சிதைய ஏறக்குறைய 240 டிகிரி வெப்பம் தேவை. கஞ்சி 100 டிகிரியில் கொதிக்கிறது. குக்கருக்குள் 120. வாணலியில் மாவு அந்த 240-ஐ எட்டுவதற்கு வெகு முன்பே கருகிவிடும். வறுப்பதால் நஞ்சின் ஒரு பகுதி குறையும், ஆனால் எவ்வளவு குறைந்தது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது.

வறுப்பதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. பூசண வாடை, பூஞ்சை வளரும்போது வெளிவிடும் ஆவிப்பொருள்களால் வருவது. நஞ்சுக்கு வாடையும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் நிறமும் இல்லை. மறுபடி வறுத்தால் வாடை பறந்துபோய் நஞ்சு தங்கிவிடும். கையில் இருந்த ஒரே எச்சரிக்கையையும் நாமே அழித்ததாக ஆகும். சலிப்பதும் அப்படித்தான்: கட்டி சல்லடையில் நிற்கும், டப்பாவைக் குலுக்கும்போது உதிர்ந்த தூள் மொத்த மாவிலும் கலந்திருக்கும்.

பூசணம் பூத்த எல்லாவற்றிலும் நஞ்சு இருக்கும் என்பதில்லை. நஞ்சே சுரக்காத பூஞ்சைகள் ஏராளம். அஃப்ளடாக்சினுக்குக் காரணமான ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையிலும் சில வகைகள் சுரக்கும், சில சுரக்காது. ஆகவே இதுவரை அந்த மாவைக் கொடுத்திருந்தாலும் குழந்தை நஞ்சு உண்டுவிட்டது என்று முடிவு கட்டி நடுங்க வேண்டியதில்லை. எது எந்த வகை என்று கண்ணால் பிரிக்க முடியாததால்தான் முழுவதையும் எறியச் சொல்கிறேன்.

குழந்தைக்கு ஏன் கூடுதல் ஆபத்து

அஃப்ளடாக்சின் முதலில் பிடிபட்டது 1960-ல், இங்கிலாந்தில். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. இந்தியாவில் 1974-ன் பின்பகுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டவர்களுக்கு மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் வந்தன. நோயுற்ற 397 பேரில் 106 பேர் இறந்தார்கள். அதே சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன. அந்தச் சோளத்தில் கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. நம் நாட்டில் தானியம், பருப்புக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது ஆயிரம் டன் தானியத்தில் 15 கிராம். பான்ஸ்வாடாவில் இருந்தது அதைப்போல 400 முதல் 1000 மடங்கு. ஒரு வீட்டுச் சத்துமாவு அந்த நிலைக்குப் போவது அரிது. நம் கவலை, கண்ணுக்குத் தெரியாத சிறு அளவு நாள்தோறும் உள்ளே போவது.

கணக்கைப் பாருங்கள். சட்ட வரம்பான 15 மைக்ரோகிராமைத் தொட்டு நிற்கிற ஒரு மாவில் நாளுக்கு 40 கிராம் உங்கள் குழந்தை சாப்பிட்டால், 0.6 மைக்ரோகிராம் நஞ்சு போகும். 8 கிலோ எடைக்குப் பகிர்ந்தால் ஒரு கிலோவுக்கு 75 நானோகிராம். அதே 40 கிராமை 60 கிலோ எடையுள்ள அப்பா சாப்பிட்டால் அவருக்கு 10 நானோகிராம்தான். பெரியவர்களின் தானியத்துக்குப் போட்ட வரம்பு குழந்தைக்கு ஏன் போதாது என்பது இதிலேயே தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைகளுக்கான தானிய உணவில் அஃப்ளடாக்சின் பி1 கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. (நம் 15 என்பது நான்கு வகை அஃப்ளடாக்சினையும் கூட்டி, அவர்களின் 0.1 பி1 ஒன்றுக்கு மட்டும். நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்றாலும் இடைவெளி எவ்வளவு என்பது புரியும்.)

இரண்டாவது காரணம், குழந்தை ஒரே பொருளையே திரும்பத் திரும்பச் சாப்பிடுவது. பெரியவர்கள் ஒரு நாள் இட்லி, ஒரு நாள் சப்பாத்தி, நடுவில் வெளிச் சாப்பாடு என்று மாற்றுகிறார்கள். குழந்தைக்குக் காலையும் மாலையும் அதே டப்பா, இரண்டு மாதத்துக்கு. டப்பா கெட்டதாக இருந்தால் ஒரு வேளைகூடத் தப்பாது. மூன்றாவது, நஞ்சை முறித்து வெளியேற்றும் கல்லீரலின் திறன் இந்த வயதில் இன்னும் முழுமை பெறவில்லை.

என்ன ஆகும்? மிகுந்த அளவு போனால் கல்லீரல் உடனே பாதிக்கப்படும். மைசூரில், ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்குச் சத்துணவாகக் கொடுத்த கடலை மாவில் இந்த நஞ்சு கலந்திருந்து அவர்களின் கல்லீரல் கெட்டதை 1971-ல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. சத்துக்காகக் கொடுத்த மாவு என்பதைக் கவனியுங்கள். சிறு அளவு நெடுநாள் போனால், பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளடாக்சினை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களில் வைத்திருக்கிறது. வளர்ச்சியைப் பொறுத்தவரை, மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின், டோகோ நாடுகளில் 9 மாதம் முதல் 5 வயது வரையான குழந்தைகளிடம் செய்த ஆய்வில், ரத்தத்தில் அஃப்ளடாக்சின் அடையாளம் கூடியவர்களுக்கு உயரமும் எடையும் குறைவாக இருந்தன. தாய்ப்பால் முற்றிலும் நின்ற குழந்தைகளிடம் அந்த அடையாளம் அதிகம். வறுமை, வயிற்றுப்போக்கு என்று வேறு காரணங்களும் பின்னியிருப்பதால், உயரக் குறைவு முழுவதற்கும் நஞ்சுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

மற்ற நஞ்சுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபியூமோனிசின் பெரும்பாலும் மக்காச்சோளத்தில் வரும். 1995-ல் தக்காணப் பீடபூமியில் மழையில் நனைந்த சோளமும் மக்காச்சோளமும் சாப்பிட்டுப் பல கிராமங்களில் வயிற்று வலியும் பேதியும் வந்தது இதனால்தான். ஓக்ராடாக்சின் சிறுநீரகத்தைத் தாக்கும். தானியம், உலர்திராட்சை, மசாலாப் பொருள்களில் இருக்கும். கோதுமையில் வருவது டியாக்ஸிநிவாலினால் என்ற நஞ்சு. வாந்திதான் இதன் முதல் அறிகுறி. கம்பில் எர்காட் என்ற கறுத்த, நீண்ட பூஞ்சைக் கட்டிகள் கதிரிலேயே உருவாகும். வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் வரும். கம்பை உப்புக் கரைசலில் (லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு) போட்டால் இந்தக் கட்டிகள் மிதக்கும். அள்ளி எறிந்துவிட்டு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள்.

மும்பையில் மாவு ஏன் கெடுகிறது

திருநெல்வேலியில் மே மாத வெயிலில் காய்ந்த தானியம் அரைபடும்போது நன்றாகத்தான் இருந்திருக்கும். கெட்டது இங்கே. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 சதவீதத்துக்கு மேல். திறந்து வைத்த மாவு அந்தக் காற்றுக்குச் சமமாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மாவின் ஈரம் 13 சதவீதம் அளவில் நிற்கும். 85 ஆனால் 17, 18 என்று ஏறும். 14-ஐத் தாண்டிய மாவில் பூஞ்சை வளரத் தொடங்கலாம். வெப்பமோ 28 முதல் 33 டிகிரி, அஃப்ளடாக்சின் சுரக்க மிக வாகானது. முழுத் தானியத்துக்குத் தோல் ஒரு காப்பு. அரைத்ததும் அந்தக் காப்பு போய், ஒவ்வொரு துகளும் காற்றைத் தொடுகிறது. 3 கிலோ டப்பாவை நாளுக்கு இரண்டு முறை, 60 நாள் திறந்தால் 120 முறை மழைக்காற்றை உள்ளே விட்டதாகக் கணக்கு. ஈரக் கரண்டி ஒரு முறை போனாலே போதும், அந்த இடம் கட்டி பிடிக்கும்.

இதற்கு ஒரே நல்ல வழி, அரைத்த மாவைச் சேமிக்காமல் தானியத்தைச் சேமிப்பது. மாமியாரிடம் அடுத்த முறை, "அரைக்க வேண்டாம் அத்தை, காயவைத்துப் புடைத்து அப்படியே முழுசாக அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். அரைப்பது இங்கே, வாரம் ஒரு முறை, 250 கிராம். 9 மாதக் குழந்தைக்கு ஒரு வேளைக் கஞ்சிக்கு 15 முதல் 20 கிராம் மாவு போதும். இரண்டு வேளை என்றால் 250 கிராம் ஆறு முதல் எட்டு நாளில் தீர்ந்துவிடும்.

அந்த 250 கிராமுக்கு ஓர் அளவு: புழுங்கலரிசி 80 கிராம், ராகி 80, பாசிப்பருப்பு 50, பொட்டுக்கடலை 25, நிலக்கடலை 15. இவ்வளவுதான். பதினைந்து இருபது பொருள் சேர்த்த சத்துமாவை நான் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு கடையில், ஒவ்வொரு மூட்டையில், எத்தனை மாதம் கிடந்ததோ தெரியாது. அதில் ஒன்று பழுதானால் மொத்த மாவும் பழுது. மக்காச்சோளத்தை இந்த வயதில் விட்டுவிடுங்கள்; அஃப்ளடாக்சின், ஃபியூமோனிசின் இரண்டுக்கும் அதுதான் முதல் இடம். முந்திரி, பாதாமை மாவில் கலந்து வாரக்கணக்கில் வைப்பதைவிட, அன்றன்று ஒன்றிரண்டை அரைத்துச் சேர்ப்பது மேல்.

பொறுக்குவது முக்கால் வேலை. இந்த நஞ்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. பெரும்பாலான மணிகள் சுத்தமாக இருக்க, சில மணிகளில் மட்டும் மிக அதிகமாக இருக்கும். அந்தச் சில மணிகளை எடுத்துவிட்டால் பெரும்பகுதி நஞ்சு போய்விடும்; அரைத்த பிறகு அந்த வாய்ப்பு இல்லை. வெள்ளைத் தட்டில், பகல் வெளிச்சத்தில், ஒரு வரிசைக்கு மேல் இல்லாமல் பரப்பிப் பாருங்கள். சுருங்கியது, உடைந்தது, பூச்சி துளைத்தது, நிறம் மாறியது, முளைவிட்டது எல்லாம் வெளியே. வண்டு விழுந்த தானியத்தில் பூசணத்துக்கும் வாய்ப்பு அதிகம்; வண்டு மூச்சுவிடுவதால் அந்த இடத்தில் சூடும் ஈரமும் கூடும், அதன் உடம்பில் ஒட்டிய வித்துகளும் பரவும்.

நிலக்கடலைக்கு இரண்டு சுற்று வேண்டும். வறுக்கும் முன் ஒரு முறை. வறுத்துத் தோலை உரித்துப் பருப்பை இரண்டாகப் பிளந்த பின் இன்னொரு முறை, ஏனென்றால் வெளியே நன்றாக இருக்கும் கடலையின் நடுக் குழியில் சாம்பல், பச்சை, கறுப்புப் படலம் இருக்கலாம். தோல் உரித்தும் நிறம் மங்கி மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிற்கும் பருப்புகளையும் தள்ளுங்கள். 15 கிராம் என்றால் முப்பது முப்பத்தைந்து பருப்பு, ஐந்து நிமிட வேலை. உடைந்த நிலக்கடலை, தூள் நிலக்கடலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். பொறுக்கித் தள்ளியவை பெரும்பாலும் அந்தக் கழிவில்தான் சேரும். தோலோடு முழுதாக இருப்பதை வாங்குங்கள்.

அதற்காகக் கடலையையே ஒதுக்கவும் வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்குக் கடலையைக் காலம் தாழ்த்தாமல் அறிமுகப்படுத்துவது கடலை ஒவ்வாமையைத் தடுக்க உதவுகிறது. முதலில் தனியாக, கால் டீஸ்பூன் மை போல அரைத்த விழுதைக் கஞ்சியில் கலந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு மாவில் சேருங்கள். கரப்பான் இருந்தாலோ முட்டை ஒவ்வாமை இருந்தாலோ குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும். அது ஐந்து வயதுக்கு மேல்தான்.

கழுவுவதில்தான் மழைக்காலத்தில் பலருக்குத் தவறுகிறது. கழுவிய தானியம் 24 மணி நேரத்துக்குள் முழுதாகக் காய வேண்டும். மொட்டை மாடியில் வெயில் இல்லாத ஜூலையில், ஹாலில் துணி விரித்து ஃபேன் போட்டால் மேலே காய்ந்தது போல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். கழுவி, மிதப்பதை அள்ளிப் போட்டு, வடிகட்டி, பருத்தித் துணியில் ஃபேனடியில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் போடுங்கள். உடனே ஓடிஜி என்ற மின் அடுப்பில் 60 முதல் 70 டிகிரியில், மெல்லிய அடுக்காக, கதவைச் சற்றே திறந்து வைத்து, அரை மணிக்கொரு முறை கிளறி மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். ஓடிஜி இல்லையென்றால் கனமான வாணலியில் சிறு தீயில், கைப்பிடி கைப்பிடியாக, கிளறிக்கொண்டே வறுக்கலாம். பல்லில் கடித்தால் "கடக்" என்று உடைய வேண்டும். பல் பதிந்து நசுங்கினால் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

250 கிராமை மிக்ஸியில் அரைத்துவிடலாம். பக்கத்து சக்கியில் (மாவு மில்லில்) கொடுத்தால், முன்னால் அரைத்தவரின் கோதுமையோ கம்போ கல்லில் தங்கியிருக்கும். ஒரு கால் கிலோ அரிசியைப் போட்டு ஓட்டி, அந்த மாவைத் தள்ளிவிட்டுத்தான் நம்முடையதைப் போடச் சொல்ல வேண்டும். கூட்ட நேரத்தில் எந்த சக்கிக்காரரும் இதற்கு மசியமாட்டார். அரைத்த மாவு சூடாக இருக்கும். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் வியர்த்து மாவில் சொட்டும். ராத்திரி முழுக்கப் பரப்பி வைத்தால் காற்றிலிருந்து ஈரம் ஏறும். தட்டில் பரப்பி, மெல்லிய துணி போட்டு, இருபது நிமிடம் ஆறியதும் டப்பாவில் அடையுங்கள்.

டப்பா ஒன்றாக வேண்டாம், சிறிய நான்கு. ஒன்று வெளியே, இரண்டு நாளைக்கு. மற்ற மூன்று ஃப்ரீசரில், விளிம்புவரை நிரப்பி இறுக்க மூடி. எடுத்ததும் திறக்காதீர்கள். வெளிப்புறம் வியர்ப்பது நிற்கும்வரை அரை மணி நேரம் மூடியபடி வைத்து, துடைத்துவிட்டுத் திறங்கள். குளிர்ந்த மாவைத் திறந்தால் அறைக்காற்றின் ஈரம் மாவின் மேலேயே படியும்.

சந்தேகம் இருந்தால் அளந்து பார்க்க எளிய வழி உண்டு. சின்ன டிஜிட்டல் ஈரமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கண்ணாடி ஜாடியில் முக்கால்வாசி தானியத்தையோ மாவையோ போட்டு, மேலே ஈரமானியை வைத்து, மூடி ஆறு மணி நேரம் விடுங்கள். ஜாடிக்குள் காட்டும் ஈரப்பதம் 65-க்குக் கீழே என்றால் பூஞ்சை வளராது. 70-க்கு மேல் காட்டுகிற தானியத்தை மறுபடி காயவைத்த பிறகுதான் அரைக்க வேண்டும். மாதுங்கா மார்க்கெட்டிலோ கிரானா கடையிலோ வாங்கி வந்த தானியத்தையும் இப்படிச் சோதிக்கலாம். கருவி இல்லாவிட்டால் உப்புச் சோதனை: நன்கு உலர்ந்த தூளுப்பு இரண்டு ஸ்பூனையும் தானியத்தையும் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடிச் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். இது முழுத் தானியத்துக்கு மட்டும்.

முளைகட்டிய ராகியும் நாச்னி சத்வமும்

மழைக்காலத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இரண்டும்தான். ஈரம், இளஞ்சூடு, மூடிய துணி என்று முளைக்குத் தேவையான அத்தனையும் பூஞ்சைக்கும் தேவை. ராகியை எட்டு மணி நேரம் ஊறவைத்து, நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்றி, வடித்து, ஈரத்துணியில் கட்டினால் 24 மணி நேரத்தில் முளை எட்டிப் பார்க்கும். அங்கேயே நிறுத்துங்கள், நீளமாக வரட்டும் என்று மூன்று நாள் விடாதீர்கள். பன்னிரண்டு மணிக்கொரு முறை அலசுங்கள். வேர் என்றால் ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு வெள்ளை நுனியாக வரும். பூசணம் மணிகளை ஒன்றோடொன்று பின்னும் பஞ்சு நூலாக இருக்கும், பிரித்தால் இழுபடும், வாடை மண்போல் அடிக்கும். அப்படியானால் முழுவதையும் எறியுங்கள். முளைத்ததை உடனே ஓடிஜியில் காயவைக்க வசதி இல்லையென்றால், ஜூன் முதல் செப்டம்பர் வரை முளைகட்டவே வேண்டாம். முளைத்த ராகியை அன்றைக்கே பாலெடுத்துக் கூழாகக் காய்ச்சிக் கொடுப்பதில் இந்தச் சிக்கல் இல்லை.

மராட்டி அக்கம்பக்கத்தார் சொல்லும் நாச்னி சத்வம், ராகியை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அடியில் படியும் மாவைக் காயவைப்பது. வெயிலில் இரண்டு மூன்று நாள் காய வேண்டிய பசை அது. கோடையில் செய்யுங்கள். மழையில் யாராவது புதிதாகச் செய்து கொடுத்தால் எப்படிக் காயவைத்தார்கள் என்று கேளுங்கள்.

அக்கம்பக்கத்தில் செய்து விற்கும் சத்துமாவுக்கும் இதே கேள்விதான். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்) பதிவு எண் இருக்கிறதா, அரைத்த தேதி எது, எதில் காயவைத்தார்கள்? பேக் செய்த தேதி மட்டும் இருந்து அரைத்த தேதி இல்லாத பையை நான் வாங்கமாட்டேன். பெரிய நிறுவனங்களின் தானிய உணவு பெட்டியில் அடைபடும்வரை சோதனையில் இருக்கிறது. வீட்டில் திறந்த பிறகு அதுவும் நம் மாவைப் போலத்தான். உறையில் போட்ட நாள் கணக்குக்குள் முடியுங்கள், மழைக்காலத்தில் சிறிய பெட்டியாக வாங்குங்கள்.

பால், எண்ணெய், பழம்

கெட்ட பிண்ணாக்கைத் தின்ற மாடு, நஞ்சின் ஒரு சிறு பங்கை, பொதுவாக நூற்றில் ஒன்று முதல் மூன்று பங்கை, எம்1 என்ற வடிவில் பாலில் விடும். தீவனம் மாறினால் சில நாளில் அது மறையும். காய்ச்சினாலும் தயிராக்கினாலும் எம்1 போகாது. பனீரில் பாலைவிடச் செறிவாகவே இருக்கும். எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல் நாடெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 5.7 சதவீதத்தில் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. முன்வரிசையில் தமிழ்நாடு, டெல்லி, கேரளா. தண்ணீர் கலப்படத்தைப் பற்றிப் பேசுகிற அளவு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஒரு வயதுவரை மாட்டுப்பால், எருமைப்பால் முக்கிய உணவாக வேண்டாம் என்பது இதற்கும் சேர்த்தே நல்லது. அதற்குப் பின் நாளுக்கு 400 மில்லி அளவில் நிறுத்துங்கள். தபேலாவில் (மாட்டுக் கொட்டகையில்) கறந்த பால் புதியதுதான், ஆனால் ஒரே கொட்டகை, ஒரே தீவனம். தீவனம் கெட்டால் தினமும் அதுவே வரும். பல ஆயிரம் மாடுகளின் பால் கலக்கும் பாக்கெட்டில் அது நீர்த்துப் போகும்.

செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்க்கு இப்போது மவுசு. ஆட்டிய கடலை கெட்டதாக இருந்தால் நஞ்சின் ஒரு பகுதி எண்ணெயிலும் வரும். ரீஃபைண்ட் எண்ணெயில் காரம் (ஆல்கலி) சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். குழந்தைக் கஞ்சிக்கு நெய்யோ தேங்காயெண்ணெயோ போதும் என்பது என் எண்ணம்.

ஆப்பிளில் அழுகிய இடத்தில் பேட்டுலின் இருக்கும். அழுகலைத் தாண்டியும் சதைக்குள் அது பரவுவதால், பெரியவர்கள் சுற்றிலும் தாராளமாக வெட்டிச் சாப்பிடலாம். குழந்தையின் மசியலுக்கு அந்தப் பழமே வேண்டாம். ரொட்டியில் ஒரு துண்டில் பூத்தால் பாக்கெட் முழுவதும் குப்பைக்கு. இட்லி மாவு புளிப்பது பாக்டீரியாவாலும் ஈஸ்டாலும், அதில் பயமில்லை. மேலே இளஞ்சிவப்பு, கறுப்பு, பச்சைப் புள்ளி வந்தால், அதை மட்டும் வழித்துவிட்டு மீதியை இட்லியாக ஊற்றுகிற வழக்கம் வேண்டாம்.

இதுவரை சாப்பிட்டதற்கு

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அம்மா சாப்பிடுவதில் நஞ்சு இருந்தால் தாய்ப்பாலிலும் மிகச் சிறிதளவு எம்1 வரும். அது கெட்ட கஞ்சியிலிருந்து வருவதற்கு முன் பொருட்டே இல்லை. அம்மாவும் பழைய கடலை, பழைய மாவைத் தவிர்த்தால் போதும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று, பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியோடு மூன்று. உங்கள் அட்டையில் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வைரஸ் உள்ளவருக்கு அஃப்ளடாக்சினால் வரும் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய 30 மடங்கு. தடுப்பூசி அந்தக் கூட்டுச் சதியை முறிக்கிறது.

குழந்தை நன்றாக விளையாடி, சாப்பிட்டு, எடை ஏறிக்கொண்டிருந்தால் மருந்தோ ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை. இந்த நஞ்சை முறிக்கும் மருந்தும் கிடையாது. விளக்கெண்ணெய், கரித்தூள், ஈரலுக்கான சிரப் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஓரிரு முறை வாந்தியோ பேதியோ என்றால் ஓஆர்எஸ் கொடுத்துக் கவனியுங்கள். கண் மஞ்சள், டயப்பரில் கறைபடியும் கரும் மஞ்சள் சிறுநீர், வெளிறிய மலம், வயிறு உப்பல், கால் வீக்கம், காரணமில்லாத ரத்தக்கசிவு, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

எடுத்து வைக்கச் சொன்ன கைப்பிடி மாவு அதற்காகத்தான். 100 முதல் 200 கிராமைப் புதிய ஜிப் பையில் போட்டு, தேதி எழுதி, இன்னொரு பையில் வைத்து ஃப்ரீசரில் ஒரு மாதம் வையுங்கள். மருத்துவர் கேட்டால் மும்பையிலும் நவி மும்பையிலும் உள்ள என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களின் தரத்தைச் சான்றளிக்கும் வாரியம்) அங்கீகாரம் பெற்ற உணவுச் சோதனைக்கூடம் ஒன்றில் கொடுக்கலாம். கொடுக்கும் முன் அவர்களின் கருவி எவ்வளவு குறைந்த அளவுவரை கண்டுபிடிக்கும் என்று கேளுங்கள். 1 மைக்ரோகிராமுக்குக் கீழே காணாத சோதனையில் "இல்லை" என்று வந்தால் குழந்தை உணவுக்கு அது போதிய விடை ஆகாது. மாதிரியைக் கட்டியிலிருந்து மட்டும் எடுக்காமல், டப்பாவின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் எடுத்துக் கலந்து வையுங்கள். எடுக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசியைக் குழந்தை இருக்கும் அறையில் கிளப்ப வேண்டாம். டப்பாவைச் சோப்பு போட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றி, முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்த மாவை நிரப்புங்கள். ரப்பர் வளையம் இருந்தால் கழற்றி, அதன் பள்ளத்தையும் தேய்த்துக் கழுவுங்கள்.